மலிவு டிக்கெட்டும் மலிவில்லாத டிக்கெட்டும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிறவனுக்கு ஒரு சலுகை உண்டு. சபை தூங்கினால் பழியைச் சாம்பார் சாதத்தின் மேல் போட்டுவிடலாம். ஆனால் நம் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு காசு மிச்சம் பிடிக்கிற விஷயம். அதில் நம்மூர்க்காரர்கள் தூங்கி நான் பார்த்ததில்லை. விடுமுறைப் பயணத்துக்கு விமான டிக்கெட்டும் ஓட்டல் அறையும் கம்ப்யூட்டரில், செல்போனில் குறைந்த செலவில் எடுப்பது எப்படி என்பதுதான் தலைப்பு.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி? நான் வணிகவியல் மாணவன், 1988ல் இங்கிருந்து வெளியே போனவன். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் திருச்சியில் ஒரு டிராவல் ஏஜென்சி கவுண்டரில் உட்கார்ந்தவன். கார்பன் தாள் வைத்துக் கையால் டிக்கெட் எழுதிய காலம் எனக்குத் தெரியும். 2008 ஜூன் 1 முதல் உலகம் முழுக்க காகித டிக்கெட் நின்று, எல்லாம் மின் டிக்கெட் ஆனது. எங்களுக்கு வந்துகொண்டிருந்த கமிஷனும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அன்று கவுண்டருக்கு வந்து "சார், சீப்பா ஏதாவது இருக்கா?" என்று கேட்டவர்கள் இன்று அதே கேள்வியைச் செல்போனிடம் கேட்கிறார்கள். செல்போன் பதில் சொல்கிறது. ஆனால் "உங்களுக்கு இது சரிப்படாது அம்மா" என்று அது சொல்வதில்லை. அந்த வேலையை இன்று நான் செய்யலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில், ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் ஏன் வேறு வேறு விலை கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இது தெரிந்தால் பாதி வித்தை கைக்கு வந்துவிடும்.

அமெரிக்காவில் 1978ல் விமானக் கட்டணத்தின் மேல் இருந்த அரசுக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். குறைந்த கட்டணக் கம்பெனிகள் முளைத்தன. அவர்களைச் சமாளிக்க அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. எப்படியும் காலியாகப் போகும் என்று தோன்றுகிற சீட்டுகளை மட்டும் முன்கூட்டி, நிபந்தனையோடு, மிகக் குறைவாக விற்பது. அவசரமாக வருகிற வியாபாரிக்கு மீதியை முழு விலைக்கு வைத்திருப்பது. எந்த நாளில் எத்தனை சீட்டை எந்த விலைக்கு வைப்பது என்பதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டது. இன்று உலகத்து விமானக் கம்பெனிகள் எல்லாம் அந்த வழியில்தான் நடக்கின்றன.

நம் பாஷையில் சொன்னால், காய்கறிக் கடையில் ஒரே தக்காளியைப் பத்துக் கூடையாகப் பிரித்து, ஒவ்வொரு கூடைக்கும் ஒரு விலை எழுதி வைத்தது மாதிரி. மலிவுக் கூடை காலியானால்தான் அடுத்த கூடை. சில நேரம் விற்பனை மந்தமாக இருந்தால், மூடிய மலிவுக் கூடையைத் திறந்தும் விடுவார்கள். நேற்று பார்த்த விலை இன்று ஏறுவதும் இறங்குவதும் இதனால்தான். "நான் இரண்டு தடவை தேடினேன், அதைக் கண்டுபிடித்து விலையை ஏத்திட்டான் சார்" என்று பலர் சொல்வார்கள். ரகசிய ஜன்னலில் தேடினால் குறையும், செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் குறையும் என்றெல்லாம் சொல்வார்கள். ஜோசியம் மாதிரி இதையும் கேட்டுக்கொள்ளலாம். நம்பி ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கூடையில் எத்தனை சீட்டு மிச்சம் என்பதுதான் விலையை முடிவு செய்கிறது.

இந்தக் கூடைக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலருக்குத் தெரியாது. நீங்கள் நாலு பேருக்குத் தேடுகிறீர்கள். மலிவுக் கூடையில் மூன்று சீட்டுதான் இருக்கிறது. கம்ப்யூட்டர் என்ன செய்யும் தெரியுமா? மூன்று பேருக்கு மலிவு, ஒருத்தருக்கு அதிகம் என்று காட்டாது. பெரும்பாலும் நாலு பேரையும் சேர்த்து அடுத்த கூடைக்குத் தூக்கிப் போட்டுவிடும். உதாரணத்துக்கு, மலிவுக் கூடை ரூ. 6,200, அடுத்தது ரூ. 7,900 என்று வையுங்கள். நாலு பேரும் சேர்ந்தால் ரூ. 31,600. மூன்று பேருக்குத் தனியாகவும் ஒருத்தருக்குத் தனியாகவும் எடுத்தால் 18,600, அதோடு 7,900, ஆக ரூ. 26,500. மிச்சம் ரூ. 5,100. அதனால் நாலு பேருக்குத் தேடுவதற்கு முன்னால் ஒருத்தருக்கு, இரண்டு பேருக்கு என்று தேடிப் பாருங்கள். விலை மாறினால் சங்கதி புரிந்துவிடும்.

ஆனால் இப்படிப் பிரித்தால், விமானக் கம்பெனிக் கணக்கில் நீங்கள் இரண்டு குடும்பம். விமானம் ரத்தாகி மாற்று விமானம் கொடுத்தால், ஒரு பாதி காலையிலும் மறு பாதி மாலையிலும் போகலாம். குழந்தைகளைப் பெற்றோர் இருக்கும் டிக்கெட்டிலிருந்து பிரிக்கவே கூடாது. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே டிக்கெட்டில் வருகிற பெற்றோர் ஒருவர் பக்கத்திலாவது சீட் கொடுக்க வேண்டும் என்று நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. டிக்கெட்டைப் பிரித்துவிட்டால் அந்த உரிமையைக் கேட்க முடியாது.

இரண்டாவது விஷயம், திசை. எல்லாரும் போகிற திசையில் எல்லாரும் போகிற நாளில் போனால் விலை அதிகம். இது திருவிழா பஸ் மாதிரிதான். சிங்கப்பூரில் பள்ளிக்கூட விடுமுறை ஜூனிலும், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடியவும் வரும். அப்போது அங்கிருந்து நம்ம ஊருக்கு வருகிற விமானம் நிறைந்திருக்கும். விடுமுறை ஆரம்பிக்கிற வாரத்தில் இங்கிருந்து அங்கே போகிறவர்கள் குறைவு. வளைகுடாவில் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை. ஜூன் கடைசியில் நம் ஆட்கள் குடும்பத்தோடு ஊருக்கு வருவார்கள். ஆகஸ்ட் கடைசியில் திரும்புவார்கள். இந்த அலைக்கு எதிர்த் திசையில் நீந்துகிறவனுக்குத்தான் மலிவு. திங்கள் காலை, வெள்ளி மாலை, ஞாயிறு இரவு இந்த மூன்றையும் தவிர்த்துச் செவ்வாய், புதன் புறப்பட்டாலே வித்தியாசம் தெரியும். டிக்கெட் வாங்குகிற கிழமையில் மாயம் எதுவும் கிடையாது, பறக்கிற கிழமையில்தான் இருக்கிறது. தேதி கொஞ்சம் முன்னே பின்னே போகலாம் என்றால், கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் போன்றவற்றில் மாதக் காலண்டரையே விலையோடு காட்டுவார்கள். விலை இறங்கினால் தகவல் அனுப்பச் சொல்லியும் வைக்கலாம்.

நமக்கு இன்னொரு வசதி, சுற்றிலும் விமான நிலையங்கள். திருச்சி, மதுரை, கோயம்புத்தூர், சென்னை, கொஞ்சம் நகர்ந்தால் பெங்களூரு, கொச்சி. நாலையும் தட்டிப் பாருங்கள். ஆனால் சென்னையில் ரூ. 2,000 மிச்சம் என்று நாலு பேர் திருச்சியிலிருந்து கார் பிடித்தால் மிச்சம் டோல்கேட்டிலேயே போய்விடும். போன ஊரிலிருந்தே திரும்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சிங்கப்பூரில் இறங்கி, பஸ்ஸில் மலேசியா போய், கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வரலாம். திரும்பிப் போகிற ஒரு நாளும் செலவும் மிச்சம்.

மூன்றாவது, எங்கே வாங்குவது? நான் சொல்கிற வழி இது: ஒப்பிட்டுக் காட்டுகிற தளத்தில் தேடுங்கள், எந்த விமானம் என்று முடிவானதும் அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள், பிறகு ஏஜென்சித் தளத்தின் கடைசிப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். முதல் பக்கத்து விலை ஜவுளிக்கடை வாசலில் தொங்குகிற துணி மாதிரி. பில் போடும்போதுதான் உண்மை தெரியும். வசதிக் கட்டணம் என்று ஆளுக்கு ஒரு தொகை வரும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. நீங்கள் கேட்காமலே இன்ஷூரன்ஸ் டிக் ஆகியிருக்கும். "இன்னும் 2 சீட்டுதான்" என்று சிவப்பில் மினுக்கும். வேண்டாம் என்று சொன்னால், "பாதுகாப்பு இல்லாமல் பயணம் செய்ய சம்மதிக்கிறேன்" என்று உங்கள் வாயாலேயே சொல்ல வைப்பார்கள். இந்த மாதிரித் தந்திரங்களில் 13 வகையைப் பட்டியல் போட்டு, 2023 நவம்பர் 30ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை விதிகள் கொண்டுவந்தது. பொய் அவசரம், கூடையில் திருட்டுத்தனமாகப் பொருள் போடுவது, சொட்டுச் சொட்டாக விலை ஏற்றுவது எல்லாம் அதில் உண்டு. மீறுகிறவர்களைப் பற்றி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

சீட் தேர்வுக்கும் பணம் கேட்பார்கள். ஜன்னலோரம்தான் வேண்டும் என்றால் கொடுங்கள். இல்லையென்றால் தாண்டிப் போய்விடலாம். கம்பெனி தானே ஒரு சீட் ஒதுக்கும். டிக்கெட் வாங்கியவரை யாரும் நிற்க வைத்துக் கூட்டிப் போக மாட்டார்கள். கார்டு தள்ளுபடி என்றால் 'அதிகபட்சம் எவ்வளவு' என்ற பொடி எழுத்தைப் படியுங்கள். வெளிநாட்டுத் தளத்தில் டாலரில் கட்டினால் பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிப்பார்கள். மூட்டை முடிச்சு இன்னொரு கணக்கு. வெளிநாடு போகும் பல மலிவுக் கம்பெனிகளில் அடிப்படை டிக்கெட்டில் கையில் கொண்டு போகிற பை மட்டும்தான். நம்மவர்கள் முறுக்கும் ஊறுகாயும் இல்லாமல் கடல் தாண்டுவதில்லை. பெட்டிக்கு டிக்கெட் எடுக்கும்போதே பணம் கட்டுங்கள். விமான நிலையத்தில் கட்டினால் வலிக்கும்.

நண்பர்களே, இந்த இடத்தில் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். 2018ல் நடந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் தம்பதி, என் பழைய வாடிக்கையாளர்கள். மகன் மெல்போர்னில். மருமகளுக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது. மகன் அங்கிருந்தே டிக்கெட் போட்டு அனுப்பினான். சென்னை - கோலாலம்பூர் ஒரு டிக்கெட், கோலாலம்பூர் - மெல்போர்ன் வேறு கம்பெனியில் இன்னொரு டிக்கெட். ஒரே டிக்கெட்டாக எடுப்பதைவிட இரண்டு பேருக்குமாக ஒன்பதாயிரம் ரூபாய் குறைவு. தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் இறங்கி, குடியேற்றப் பிரிவைத் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடியும் கவுண்டரில் போட வேண்டும். அதாவது மலேசியாவுக்குள் நுழைய வேண்டும். அப்போது இந்தியர்களுக்கு அங்கே விசா வேண்டும். இவர்களிடம் ஆஸ்திரேலியா விசா மட்டும்தான். சென்னையிலேயே நிறுத்திவிட்டார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எனக்குப் போன். "தம்பி, ஏத்த மாட்டேங்குறாங்க. நாங்க ஏதும் தப்பா பேசிட்டமா?" என்று அந்த அம்மா கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு விற்ற விலைக்குப் புது டிக்கெட் போட்டோம். ஒரு லட்சத்துக்கு மேல் ஆனது. அந்த நிலையிலும் ஐயா சொன்னார், "பையனைத் திட்டாதீங்க. அவன் நல்லதுக்குத்தான் செஞ்சான்."

அவர் சொன்னது சரி. பையன் நல்லதுக்குத்தான் செய்தான். திரையில் விலை பெரிய எழுத்தில் இருந்தது. 'பெட்டியை நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டும்' என்பது சின்ன எழுத்தில் இருந்தது. ஒரே டிக்கெட்டில் மாறினால் பெட்டி தானாகப் போகும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது கம்பெனியின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் அந்தப் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். இருபத்திரண்டு வயசில் தோள் பையோடு போகிற தம்பி இந்த ஆபத்தை எடுக்கலாம். அறுபத்தைந்து வயது அம்மாவுக்காக அதை இன்னொருத்தர் எடுக்கக் கூடாது. வெளிநாட்டில் இருக்கிற நம் சங்க நண்பர்கள் இந்த மலரைப் படிக்கிறபோது இதை மட்டும் மனசில் வையுங்கள். பெற்றோருக்கு டிக்கெட் போடும்போது, முதலில் பார்க்க வேண்டியது ஒரே டிக்கெட்டா என்பது. இரண்டாவது, நடுவில் காத்திருப்பு எத்தனை மணி என்பது. மூன்றாவது, சக்கர நாற்காலி உதவி. இதை முன்பே கேட்டு வைத்தால் போதும். விலை நாலாவது.

பெயரையும் பாருங்கள். நம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இனிஷியல் ஒரு தீராத தலைவலி. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே டிக்கெட்டில் வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்றது. பிறகு பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்று விளக்கம் வந்தது. ஒற்றைப் பெயரை டிக்கெட்டில் எப்படிப் போடுவது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

இணையத்தில் இன்னொரு தந்திரம் சொல்வார்கள். மூன்றாவது ஊர் வரை டிக்கெட் எடுத்து, நடு ஊரிலேயே இறங்கிவிடுவது. சில சமயம் அது நேர் டிக்கெட்டைவிட மலிவு. இதைக் காட்டிக்கொடுக்கிற ஒரு அமெரிக்கத் தளத்தின் மேல் விமானக் கம்பெனி வழக்குப் போட்டு, 2024 அக்டோபரில் நடுவர் குழு 94 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. பயணிக்கு என்ன ஆபத்து? பெட்டி மூன்றாவது ஊருக்குப் போய்விடும். நடுவில் ஒரு கட்டத்தைத் தவறவிட்டால் திரும்புகிற டிக்கெட்டும் ரத்து. குடும்பஸ்தனுக்கு இது வேண்டாத வேலை.

இனி, ரத்து செய்தால் என்ன கிடைக்கும்? "இது நான்-ரீஃபண்டபிள் சார், ஒண்ணும் வராது" என்று யாராவது சொன்னால் அப்படியே விட்டுவிடாதீர்கள். 2016ல் நம் இயக்குநரகம் திருத்திய விதிப்படி, பயணம் செய்யாத டிக்கெட்டில் அரசு வரியும் விமான நிலையத்துக்கான பயணிகள் கட்டணமும் திரும்பத் தர வேண்டும். சலுகை டிக்கெட்டுக்கும் இது உண்டு. விமானத்தைத் தவறவிட்டவருக்கும் உண்டு. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது. ஏஜென்சி மூலம் வாங்கியிருந்தாலும் பணத்தைத் திருப்புகிற பொறுப்பு விமானக் கம்பெனிக்கு உண்டு. நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான். 2019ல் வந்த பயணிகள் சாசனம், ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிற பயணத்துக்கு எடுத்த டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்ய வழி விட்டது. இந்தக் கால அளவு அவ்வப்போது திருத்தப்படுகிறது. அதனால் வாங்குகிற அன்று கம்பெனித் தளத்தில் உள்ள விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தரவில்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவா என்ற தளத்தில் முறையிடலாம்.

ஓட்டலுக்கு வருவோம். விமானம் போல் இல்லை. ஓட்டலில் பேரம் பேச இடம் உண்டு. நான் சொல்கிற முறை: முதலில் இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையைப் பிடித்துப் போடுங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் மறுபடியும் விலை பாருங்கள். குறைந்திருந்தால் புதிதாக எடுத்து, பழையதை ரத்து செய்யுங்கள். ரத்து செய்யும் கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பது முக்கியம். அதற்குப் பிறகு ஓட்டலுக்கே போன் போடுங்கள். தளங்களுக்கு ஓட்டல்காரர் 15 சதவீதமும் அதற்கு மேலும் கமிஷன் கொடுக்கிறார். நேரில் வருகிறவரிடம் அதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க அவருக்கு நஷ்டமில்லை. "தளத்தில் இந்த விலை காட்டுது, நேரா எடுத்தா என்ன தருவீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். விலை குறையாவிட்டாலும் காலைச் சாப்பாடோ, முன்கூட்டி அறையோ கிடைக்கலாம். ஓட்டல்காரர் வேறு எங்கும் குறைவாக விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்திய ஒப்பந்தங்களுக்காக மேக்மைட்ரிப் - கோஐபிபோ குழுமத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ரூ. 223 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. நேரே போன் போடுகிற நம் வழக்கத்துக்கு அர்த்தம் இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வரியில் ஒரு வேடிக்கை பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை ரூ. 7,500 வரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்; தாண்டினால் 18 சதவீதம். ரூ. 7,600 அறைக்கு வரியோடு ரூ. 8,968. ரூ. 7,500 அறைக்கு வரியோடு ரூ. 7,875. வாடகையில் நூறு ரூபாய் வித்தியாசம், பில்லில் ரூ. 1,093 வித்தியாசம்! எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற அறைக்கு ஓட்டல்காரரிடம் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லுங்கள். அவர் இழப்பது நூறு, நீங்கள் மிச்சம் பிடிப்பது ஆயிரத்துக்கு மேல். நம் வணிகவியல் துறைப் பேராசிரியர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் சொல்லிக் கொடுத்த கணக்குதான்.

பருவம் பார்ப்பதிலும் சூட்சுமம் உண்டு. துபாயில் ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அதனால் ஓட்டல் விலை இறங்கும். வெளியே சுற்ற ஆசைப்படுகிறவர்களுக்கு அது மலிவு இல்லை, தண்டனை. இலங்கையில் மே முதல் செப்டம்பர் வரை தெற்கு, மேற்குக் கரையில் மழை. அதே நேரத்தில் கிழக்கே திருகோணமலையில் கடல் அமைதியாக இருக்கும். எங்கே மழை, எங்கே வெயில் என்று தெரிந்துகொண்டு போனால் பருவமில்லாத காலமும் நல்ல காலம்தான். உள்நாட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்து ஓட்டல்களை மறந்துவிடாதீர்கள். கன்னியாகுமரி, ராமேசுவரம், மாமல்லபுரம், ஊட்டி, கொடைக்கானல் என்று நல்ல இடங்களில் இருக்கின்றன. ரயில் டிக்கெட் இருந்தால் பல பெரிய ஸ்டேஷன்களில் ஓய்வறையை ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் எடுக்கலாம். மாணவர்களுக்கு இதைவிட மலிவு கிடைப்பது கஷ்டம்.

கடைசியாக, மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரே நாளில் பறிகொடுக்கிற வழி. விமானம் ரத்தானதும் பதற்றத்தில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடுகிறோம். முதலில் வருகிற நம்பரில் மோசடிக்காரன் இருக்கலாம். "ரீஃபண்ட் அனுப்புறேன், யு.பி.ஐ. பின் போடுங்க" என்பான். பணம் வாங்க பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகும், வராது. நம்பரை டிக்கெட்டிலிருந்தோ கம்பெனித் தளத்திலிருந்தோதான் எடுக்க வேண்டும். கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட் என்ற பெயரில் போலித் தளங்கள் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கின்றன. அதற்கு உண்மையான முன்பதிவு ஐ.ஆர்.சி.டி.சி. நடத்துகிற ஹெலியாத்ரா தளத்தில்தான். பணம் போய்விட்டால் உடனே 1930க்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு.

மிகவும் முன்கூட்டி வாங்குவதிலும் ஓர் ஆபத்து. 2012ல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் என்று கம்பெனிகளே பறப்பதை நிறுத்தியதைப் பார்த்தோம். பெரிய தொகையைக் கிரெடிட் கார்டில் கட்டினால், சேவை கிடைக்காதபோது வங்கியிடம் முறையிட ஒரு கதவு திறந்திருக்கும். 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கான உள்நாட்டு விமானங்கள் ரத்தானபோது அரசே தற்காலிகமாகக் கட்டண உச்சவரம்பு வைக்க வேண்டி வந்தது. அதனால் கல்யாணம், விசா நேர்காணல் போன்ற தள்ளிப்போட முடியாத காரியத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். அந்த ஒரு இரவு ஓட்டல் வாடகையை வீண் செலவு என்று நினைக்காதீர்கள்.

தம்பி தங்கைகளே, நான் சொன்னதில் ரகசியம் எதுவும் இல்லை. கவுண்டரில் உட்கார்ந்திருந்த ஆள் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து, வயசைப் பார்த்து, பையில் என்ன இருக்கிறது என்று ஊகித்து டிக்கெட் போட்டார். இப்போது அந்த ஆளின் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். வீட்டில் எல்லாரும் "நீதான் செல்போன்ல கெட்டிக்காரன், நீயே போட்டுடு" என்று உங்களிடம்தான் கொடுக்கப் போகிறார்கள். மலிவைத் தேடுங்கள், தாராளமாகத் தேடுங்கள். உங்களுக்காகத் தேடும்போது கஷ்டத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்; அது உங்கள் இஷ்டம். அம்மா அப்பாவுக்காகத் தேடும்போது, மிச்சமாகிற ரூபாயை யார் காலால் நடந்து சம்பாதிக்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பணம் கட்டுகிற பட்டனை அழுத்துங்கள்.